புகைக்குழாய்க்கு எத்தனை அங்குலம்?

வேகத்துக்காகச் செப்பனிடப்படும் காரில் உரிமையாளர் முதலில் மாற்ற விரும்புவது பெரும்பாலும் புகைக்குழாயைத்தான்; எஞ்சினைப் பிரிக்காமல் ஒரே நாளில் முடியும் வேலை அது, முடிந்தவுடன் காதுக்குத் தெரியும் வேலையும் அதுவே. சைலன்சர் கடைகளில் அவ்வேளையில் எழும் கேள்வி, எத்தனை அங்குலக் குழாய் போடுவது என்பதாகும். அதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு எஞ்சின் தாராளமாக மூச்சு விடும் என்பது ஒன்று. எஞ்சினுக்குச் சிறிது எதிரழுத்தம், அதாவது வெளியேறும் புகையை எதிர்க்கும் அழுத்தம், தேவை, பெரிய குழாய் போட்டால் 'பிக்கப்' போய்விடும் என்பது மற்றொன்று. முதல் விடை குழாயின் பின்பாதிக்கு ஓரளவு பொருந்தும்; இரண்டாவது, கண்ணால் கண்ட விளைவைச் சரியாகச் சொல்லிக் காரணத்தைத் தவறாகச் சொல்கிறது. விட்டத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் பருமன் மட்டுமன்று, அந்த எஞ்சின் தன் ஆயுளில் பெரும்பகுதியை எந்தச் சுழற்சியில், எந்தச் சாலையில் கழிக்கப் போகிறது என்பதுமாகும்.

புகைக்குழாய் கடத்தவேண்டிய வாயுவின் அளவை முதலில் அறிந்துகொள்வது நல்லது. மாருதி எஸ்டீமிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்டிலும் இந்திய வாசகர் கண்ட 1298 கன சென்டிமீட்டர் சுசூகி பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே காற்றை உள்ளிழுப்பதால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில், சிலிண்டர்கள் தொண்ணூறு விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால், எஞ்சின் நொடிக்கு ஏறத்தாழ 58 லிட்டர் காற்றை விழுங்குகிறது. எரிந்தபின் அதே காற்று, எரிபொருளின் பங்கும் சேர்ந்து, 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விரிந்து நொடிக்கு ஏறத்தாழ 160 லிட்டராக வெளியேறுகிறது. காரின் அடியில் தொங்கும் நாலு மீட்டர்க் குழாய் கையாளவேண்டியது இந்த 160 லிட்டரை.

குழாயின் விட்டத்துக்கும் தடைக்கும் உள்ள உறவு புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயிக்குப் புதியதன்று. புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள குடுமியான்மலை, குன்றைச் சுற்றிய கோயிலுக்கு மட்டுமல்லாமல், அரசின் அண்ணா பண்ணைக்கும் 2014 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரிக்கும் இடமாக இருப்பது. அந்த வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் இறக்கும் எவரும், மோட்டாரின் குதிரைத்திறனைப் போலவே குழாயின் அளவையும் எண்ணிப் பார்ப்பார்கள். குழாய் ஒடுங்கினால் மோட்டாரின் உழைப்பு நீரை ஏற்றுவதில் செல்லாமல் குழாயின் உராய்வில் கரைந்துபோகும். அந்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது: ஒரே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் செலுத்தினால் உராய்வு இழப்பு இரண்டு மடங்காக அல்ல, ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காக உயரும். எஞ்சினின் புகைக்கும் இதே விதிதான். ஆனால் ஐந்தாம் அடுக்கு மறுபக்கமும் வேலை செய்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. குழாய் ஓரளவு அகன்றுவிட்டால் இழப்பு மிக விரைவாகச் சிறுத்துவிடுவதால், அதற்குமேல் அகலப்படுத்தி மீட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

மேற்சொன்ன எஞ்சினுக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை துலங்கும். உள்விட்டம் 45 மில்லிமீட்டரானால் 6,000 சுற்றில் வாயு நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் ஓடும். 50 மில்லிமீட்டரில் 80 மீட்டரை ஒட்டியும், 60 மில்லிமீட்டரில் 57 மீட்டரை ஒட்டியும் ஓடும். நாலு மீட்டர் நேர்க்குழாயில் உராய்வு மட்டும் விளைவிக்கும் அழுத்த இழப்பு, முறையே 5, 3, 1.2 கிலோபாஸ்கல் அளவில் அமைகிறது. வளிமண்டல அழுத்தமே 101 கிலோபாஸ்கல் என்பதை நினைவில் கொண்டால் இவை எவ்வளவு சிறியவை என்பது புரியும். 85 குதிரைத்திறன் தரும் இந்த எஞ்சின் தன் உச்சத் திறனில் பிஸ்டனின் மீது செலுத்தும் பயனுள்ள சராசரி அழுத்தம் ஏறத்தாழ 980 கிலோபாஸ்கல். புகையை வெளித்தள்ளும் வீச்சில் பிஸ்டன் எதிர்கொள்ளும் அழுத்தம் அதிலிருந்தே கழிக்கப்படுகிறது. 45-லிருந்து 60 மில்லிமீட்டருக்குத் தாவினால் மிஞ்சுவது 4 கிலோபாஸ்கல். எரிந்த வாயு சிலிண்டரில் குறைவாகத் தங்குவதன் நன்மையையும் சேர்த்துக்கொண்டாலும், ஆதாயம் ஒரு குதிரைத்திறனைத் தாண்டுவது அரிது. இரண்டரை அங்குலக் குழாயைப் போட்டுவிட்டு எஞ்சின் பறக்கிறது என்று சொல்பவர் கேட்பது பெரும்பாலும் ஒலியை.

இதுவரை சொன்னது புகையை நீரைப் போலச் சீராக ஓடும் பொருளாகக் கருதிய கணக்கு. எஞ்சினின் அருகில் அது அப்படி ஓடுவதில்லை. வெளியேற்றும் வால்வு, பிஸ்டன் கீழ்முனையை அடைவதற்கு முன்பே, திருகுதண்டின் கணக்கில் 50 அல்லது 60 டிகிரி மீதமிருக்கும்போதே திறந்துவிடுகிறது. அப்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளியிலுள்ளதைப் போல் பல மடங்கு. எனவே புகையின் ஒரு பகுதி பிஸ்டனின் தள்ளலுக்குக் காத்திராமல் தானே பீறிட்டு வெளியேறி, குழாயில் ஓர் அழுத்த அலையைக் கிளப்பிவிடுகிறது. அந்த அலை வாயுவின் ஓட்டத்தைவிடப் பன்மடங்கு விரைவானது. சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு 345 மீட்டரை ஒட்டிச் செல்லும். 500 டிகிரி வெப்பமுள்ள புகையில் அதன் வேகம் ஏறத்தாழ 550 மீட்டர். குழாய் திடீரென விரியும் இடத்தை, அதாவது பல குழாய்கள் ஒன்றுசேரும் கூட்டுமுனையையோ திறந்த வாயையோ, அந்த அலை அடையும்போது அது தலைகீழாகி, அழுத்தம் குறைந்த அலையாக, வந்த வழியே திரும்புகிறது. திரும்பும் அலை சரியான கணத்தில் வால்வை எட்டினால், சிலிண்டரில் எஞ்சியிருக்கும் புகையை உறிஞ்சி எடுப்பதோடு, அந்தக் கணத்தில் உள்ளிழுக்கும் வால்வும் சற்றே திறந்திருப்பதால், புதிய கலவையையும் உள்ளே இழுத்துவிடும். மின்சாரமோ பெல்ட்டோ இன்றிக் கிடைக்கும் இந்த உறிஞ்சலே நல்ல புகைக்குழாயின் உண்மையான பரிசு.

அதற்குக் கணம் தவறக்கூடாது. 6,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு. 85 சென்டிமீட்டர் நீளக் குழாயில் அலை போய்த் திரும்ப ஏறத்தாழ 3 மில்லிநொடி பிடிக்கும். திருகுதண்டின் கணக்கில் அது 110 டிகிரி. புகையின் பீறல் உச்சத்தைத் தொட்டபின் மூன்றிலொரு சுற்று கடந்து, இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நேரம் வருவதால், இந்த நீளம் அச்சுழற்சிக்குப் பொருந்துகிறது. அதே குழாயில் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் அலை 55 டிகிரியிலேயே திரும்பிவந்து, வேண்டாத வேளையில் தட்டிவிட்டுப் போகும். நீளம் எந்தச் சுழற்சியில் உதவி கிடைக்கும் என்பதை நிர்ணயிக்கிறது. விட்டம் அந்த உதவியின் வலிமையை நிர்ணயிக்கிறது. குழாய் தேவைக்கு மேல் அகன்றால் ஒரே அளவு புகை அகலமாகப் பரவி, அலையின் வீச்சும் வாயுவின் ஓட்ட உந்தமும் தளர்ந்துவிடும். காற்றுத் தம்பத்தின் அதிர்வை ஆராயும் இந்த இயல், இசைக்கருவி செய்வோரின் இயலோடு உடன்பிறந்தது. 

ஆகவே அங்குலக் கேள்வியை முதலில் கேட்கவேண்டிய இடம் காரின் பின்புறமன்று, சிலிண்டர் தலையிலிருந்து புறப்படும் தனிக் குழாய்கள். தொழிற்சாலைக் கார்களில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டாக வரும் இதை, வேகம் விரும்புவோர் எஃகுக் குழாய்களால் வளைத்துச் செய்த 'ஹெட்டர்' கொண்டு மாற்றுகிறார்கள். தனிக் குழாய்க்கு எஞ்சின் கலைஞர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் அளவுகோல் உண்டு: பிஸ்டன் தன் சிலிண்டரின் கொள்ளளவை அரைச் சுற்றில் வெளித்தள்ளுவதாகக் கொண்டு, அந்த ஓட்டம் குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 75 மீட்டர் வேகத்தில் செல்லும்படி குறுக்குப்பரப்பைத் தேர்ந்தால், எந்தச் சுழற்சிக்குக் கணக்கிடப்பட்டதோ அதை ஒட்டி முறுக்குவிசை உச்சம் பெறும். முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருப்பும் விசை. ஓட்டுநர் மொழியில் அதுவே இழுவை. 1298 எஞ்சினின் ஒரு சிலிண்டர் 325 கன சென்டிமீட்டர். உச்ச இழுவை 4,500 சுற்றில் வேண்டுமானால், அரைச் சுற்றுக்கு 6.7 மில்லிநொடி, அதற்குரிய உள்விட்டம் 29 மில்லிமீட்டர். 6,000 சுற்றில் வேண்டுமானால் 33 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் 4 மில்லிமீட்டர்தான் என்பது, கடையில் கிடைக்கும் குழாயை அப்படியே வெட்டி ஒட்டுவோர் எத்தனை எளிதில் தவறிவிடக்கூடும் என்பதைக் காட்டுகிறது. இந்த எஞ்சினுக்கு 42 மில்லிமீட்டர்த் தனிக் குழாய் போட்டால், அக்கணக்கின்படி உச்ச இழுவை 9,500 சுற்றுக்கு மேல் போய் நிற்கும். அங்கே எஞ்சினே போகாது.

எதிரழுத்தம் தேவை என்ற நம்பிக்கை பிறந்த இடமும் இதுதான். பெரிய குழாய் போட்டவர் தாழ்ந்த சுழற்சியில் இழுவை குறைந்ததை மெய்யாகவே உணர்கிறார். எதிரழுத்தம் குறைந்ததால் அப்படியாயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் குறைந்தது வாயுவின் வேகமும் அலையின் வலிமையும். எதிரழுத்தம் தன்னளவில் இழுவையைக் கூட்டுவதில்லை. மற்றொரு காரணமும் உண்டு: கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சினில் புகைக்குழாய் மாறினால் உட்புகும் காற்றின் அளவும் மாறி, பழைய ஜெட் (பெட்ரோல் புகும் நுண்துளை) தரும் பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துவிடும். ஜெட்டை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றியவர், கலவையின் குற்றத்தைக் குழாயின் மேல் சுமத்துகிறார்.

பந்தயக் களம் இந்தத் தேர்வைக் கூர்மையாக்கிக் காட்டும் இடம். தமிழ்நாட்டில் எஞ்சினைப் பந்தயத்துக்குச் செப்பனிடும் அறிவு முதலில் சோழவரத்தின் பழைய போர்க்கால விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களிலும், 1990 முதல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் வளர்ந்தது. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியற்ற இளைஞர்களுக்காக, மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1988-இல் தொடங்கிய ஃபார்முலா மாருதி பந்தயங்கள் அந்த முயற்சியின் பயன். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003-இல் செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2005-இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. அந்த ஊரின் பட்டறைகள் இந்திய மோட்டார் பந்தயத்துக்குச் செய்த தொண்டு இன்னும் உரிய அளவில் எழுதப்படவில்லை.

மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் அமைப்பு புகைக்குழாய் செய்பவருக்கு ஒரு வரம். மூன்று சிலிண்டர்கள் 240 டிகிரி இடைவெளியில் மாறிமாறி எரிவதாலும், ஒரு வால்வு திறந்திருக்கும் காலமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதாலும், ஒரு சிலிண்டரின் பீறல் மற்றொன்றின் வேலையில் பெரிதும் குறுக்கிடுவதில்லை; மூன்று குழாய்களையும் ஒரே முனையில் சேர்த்துவிடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இடைவெளி 180 டிகிரியாகச் சுருங்கிவிடுவதால், ஒன்று புகையை வெளியேற்றி முடிக்கும் நேரத்தில் அடுத்தது பீறிட்டு, முன்னதற்குள் புகையைத் திருப்பித் தள்ளும். அதனால் எரியும் வரிசை 1-3-4-2 ஆக உள்ள எஞ்சினில், ஒரு முழுச் சுற்று இடைவெளியுள்ள 1, 4 ஆகியவற்றை ஒன்றாகவும் 2, 3 ஆகியவற்றை ஒன்றாகவும் முதலில் இணைத்து, அந்த இரண்டையும் பின்னர் ஒன்றாக்குகிறார்கள். நாலு-இரண்டு-ஒன்று எனப்படும் இந்த அமைப்பு நடுத்தரச் சுழற்சியில் அகன்ற இழுவையைத் தரும். நான்கையும் நேரே ஒன்றில் சேர்க்கும் அமைப்பு, உச்சச் சுழற்சியின் அருகே சற்று மிகுந்த திறனைத் தந்து, கீழே விட்டுக்கொடுத்துவிடும்.

செட்டிப்பாளையத்தில் ஓடும் கார் பெரும்பாலும் 5,000 சுற்றுக்கு மேலேயே வாழ்கிறது. வேகம் குறையும் வளைவிலும் கியரை இறக்கிச் சுழற்சியைத் தாங்கிக்கொள்வார்கள். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் போகும் காரின் வாழ்க்கை வேறு. ஊருக்கு ஊர் வேகத்தடை, ஓரத்தில் ஆட்டுமந்தை, முன்னால் கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர். அதைக் கடக்க மூன்றாம் கியரில் 2,500-லிருந்து 4,500 சுற்று வரை கிடைக்கும் இழுவைதான் அந்த ஓட்டுநருக்கு உண்மையான செயல்திறன். அவருக்கு 6,500 சுற்றில் கூடுதலாக ஐந்து குதிரைத்திறன் தருவதற்காக 3,000 சுற்றின் இழுவையைப் பறித்துக்கொள்ளும் குழாய், எந்த விலைக்கு வாங்கப்பட்டாலும், கெட்ட குழாயே. மேற்கண்ட 1298 எஞ்சினுக்கு அச்சாலையில் பொருந்துவது, 30 மில்லிமீட்டரை ஒட்டிய உள்விட்டமுள்ள தனிக் குழாய்கள், நாலு-இரண்டு-ஒன்று இணைப்பு, அதன் பின்னால் 45-லிருந்து 48 மில்லிமீட்டர் வரையிலான ஒரே குழாய். கூட்டுமுனைக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் போட்டாலும் இழப்பு பெரிதாகாது. அலைகள் அங்கே வலுவிழந்துவிடுவதால், அந்தப் பகுதியில் வெறும் உராய்வுக் கணக்கே ஆட்சி செய்கிறது.

கணக்கில் ஜெயித்த குழாய் பட்டறையில் தோற்பதும் உண்டு. குழாயை வெறும் அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைத்தால் வளைவின் உட்புறம் மடிந்து நசுங்கும். வெளியே 50 மில்லிமீட்டர் என்று அளந்த குழாய், வளைவில் முட்டை வடிவமாகி, 42 மில்லிமீட்டர்க் குழாயின் பரப்பை மட்டுமே தரக்கூடும். வளைவின் மேல் விரலை ஓட்டினால் உட்பக்கச் சுருக்கங்கள் கையில் நெருடும். உள்ளே உருளையைச் செருகி வளைக்கும் முறையில் விட்டம் மாறாது. அந்த வசதி இல்லாத ஊரில், ஆயத்தமாகக் கிடைக்கும் வளைவுகளை வாங்கி இடையில் நேர்க்குழாய் வைத்துப் பற்றவைப்பது நல்லது. பற்றவைத்த உலோகம் உள்ளே வழிந்து மேடாக நின்றால் அதையும் தேய்த்தெடுக்க வேண்டும். சைலன்சரிலும் இதே கவனம் தேவை: அறை அறையாகத் தடுத்துப் புகையைத் திருப்பித் திருப்பி விடும் வகை ஒலியை நன்றாக அடக்கும், ஓட்டத்தையும் தடுக்கும்; துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த வகை, ஓட்டத்தை ஏறக்குறைய அப்படியே விட்டு, கூர்மையான ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பருத்த குழாய் தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளியை விழுங்கும் என்பதைக் கிராமத்து வேகத்தடை முதல் வாரத்திலேயே கற்பித்துவிடும்.

புகையால் சுழலும் டர்பைன் கொண்டு காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ பொருத்திய எஞ்சினுக்கு இவ்விதிகள் பாதி மாறுகின்றன. அங்கே புகையின் துடிப்பெல்லாம் டர்பைனின் சக்கரத்தைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடே அதன் உயிர் என்பதால், அதற்குப் பின்னால் வரும் குழாய், இடம் அனுமதிக்கும் அளவுக்கு அகலமாக இருப்பது நன்று.

சாலைக் காருக்குச் சட்டமும் ஓர் அளவுகோல். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 விதிகளின்படி வந்த கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் அதன் முன்னும் பின்னும் ஆக்சிஜன் உணரிகளும் உள்ளன. மாற்றியை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பது, கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தெருவில் நடப்பவரின் மூச்சில் கலப்பதாகும். உற்பத்தியாளரின் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட 190(2)-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முழுத் திறந்த குழாய்க்கு உரிய இடம் பந்தயத் தடம்தான்.

குழாயை மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது செலவு குறைந்த வேலை. எஞ்சினுக்கு அருகிலுள்ள ஆக்சிஜன் உணரியைக் கழற்றி, அதே திருகுத் துளையில் வெப்பம் தாங்கும் சிறு உலோகக் குழாய் வழியாக அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி, தடத்திலோ சக்கரங்களை உருளையில் ஓடவிட்டுச் சோதிக்கும் டைனோ மேடையிலோ முழு முடுக்கத்தில் உச்சச் சுழற்சி வரை ஓட்டினால், மானியின் முள் உண்மையைச் சொல்லும். 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே நின்றால் பின்பக்கக் குழாயில் எடுக்க ஏதுமில்லை. பணத்தை ஹெட்டரில் போடலாம். 30-ஐத் தாண்டினால் எங்கோ அடைப்பு உண்டு. அப்போதும் முழுக் குழாயையும் மாற்றிவிடாமல், மானியை வினையூக்கி மாற்றிக்குப் பின்னும் சைலன்சருக்கு முன்னும் எனப் படிப்படியாக நகர்த்தி அளந்தால், அழுத்தம் எந்தத் துண்டில் விழுகிறது என்பது தெரிந்துவிடும்; பல கார்களில் அது நசுங்கிய ஒரே வளைவாகவோ, உள்ளே தகடு துருப்பிடித்துப் பெயர்ந்த பழைய சைலன்சராகவோ இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.